பண்டைக் கிரேக்க ஊர்ப்பெயர்கள் எங்கிருந்து வந்தன? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏதென்ஸ், ஸ்பார்டா, ட்ராய், கொரிந்து ஆகிய பெயர்களைப் பள்ளிப் பாடத்திலேயே கேட்டுவிடுகிறோம். அவற்றின் பொருள் என்ன, யார் வைத்தார்கள் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. இந்தப் பெயர்களின் பின்னால் பல ஆண்டுகள் அலைந்தவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தமிழில் பழகிய வடிவம் இருந்தால் அதையே எழுதியிருக்கிறேன். கிரேக்க வடிவம் முக்கியமாகும் இடத்தில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

கிரேக்க ஊர்ப்பெயர்கள் எல்லாம் கிரேக்கச் சொற்கள்தானே?

அல்ல. மிகப் புகழ்பெற்ற பெயர்களில் பலவற்றுக்குக் கிரேக்க மொழியில் பொருளே கிடையாது. கொரிந்தோஸ் (கொரிந்து), அத்தேனாய் (ஏதென்ஸ்), தேபாய் (தீப்ஸ்), மிக்கேனாய் (மைசீனே), கிரீட் தீவின் க்னோஸ்ஸோஸ், டெல்ஃபிக்கு மேலே நிற்கும் பர்னாஸ்ஸோஸ் மலை ஆகியவற்றைக் கிரேக்க வேர்களாகப் பிரித்துக் காட்ட முடிவதில்லை. பழங்காலக் கிரேக்கர்களே இவற்றின் பொருள் தெரியாமல் கதை கட்டியிருக்கிறார்கள்.

கிரேக்க மொழி பேசியவர்கள் அந்த நிலத்துக்கு வந்தபோது அங்கே ஏற்கனவே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மலைக்கும் ஆற்றுக்கும் ஊருக்கும் பெயர் இருந்தது. வந்தவர்கள் அந்தப் பெயர்களைக் கேட்டு, தங்கள் வாய்க்கு ஏற்றபடி சொல்லத் தொடங்கினார்கள். முன்பிருந்தவர்களின் மொழி மறைந்து போனது. அவர்கள் வைத்த பெயர்கள் மட்டும் புதியவர்களின் நாவில் தங்கிவிட்டன.

அவை கிரேக்கத்துக்கு முற்பட்டவை என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

முக்கியமான சான்று பெயர்களின் ஈற்றில் இருக்கிறது. '-ந்தோஸ்' என்று முடியும் பெயர்களைப் பாருங்கள்: கொரிந்தோஸ், சாகிந்தோஸ் தீவு, ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பகுதியின் புரோபாலிந்தோஸ். அடுத்து '-ஸ்ஸோஸ்' அல்லது '-த்தோஸ்' என்று முடிபவை: க்னோஸ்ஸோஸ், பர்னாஸ்ஸோஸ், ஏதென்ஸ் நகரை ஒட்டிய ஹிமெத்தோஸ் மலை, நகருக்குள்ளேயே நிற்கும் லிகாபெத்தோஸ் குன்று. கிரேக்க மொழி தன் சொந்தச் சொற்களை இந்த முறையில் ஆக்குவதில்லை.

அதே ஈறுகள் சில பொதுச் சொற்களிலும் வருகின்றன. அவை எந்தப் பொருள்களைக் குறிக்கின்றன என்பதுதான் சுவையானது. தலாஸ்ஸா என்றால் கடல். கிப்பாரிஸ்ஸோஸ் சைப்ரஸ் மரம். ஹியாகிந்தோஸ் ஒரு பூ. அசாமிந்தோஸ் என்பது குளியல் தொட்டி. உள்நாட்டிலிருந்து வந்த மக்கள் முதன்முதலாகக் கடலையும் புதிய மரங்களையும் வசதியான வீடுகளையும் கண்டால், அவற்றின் பெயர்களையும் அந்த ஊராரிடம் கேட்டுத்தானே தெரிந்துகொண்டிருப்பார்கள்?

இந்த ஒற்றுமையை 1896ஆம் ஆண்டில் விரிவாக எடுத்துக்காட்டியவர் மொழியறிஞர் பால் கிரெச்மர். அதே வகை ஈறுகள் இன்றைய துருக்கியின் தென்மேற்கிலும் நிறைய இருப்பதை அவர் சுட்டினார். ஹாலிகர்னாஸ்ஸோஸ் அங்குள்ள ஊர்தான். 1928இல் ஹேலி, தொல்லியலாளர் கார்ல் பிளேகன் இருவரும் இத்தகைய பெயர்களை நிலப்படத்தில் குறித்து, வெண்கலக் காலத் தொடக்கத்தின் குடியிருப்புகளோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரும்பாலும் பொருந்துவதாக வாதிட்டார்கள்.

அப்படியானால் அது எந்த மொழி?

மிகவும் வலுவான தடயம் பர்னாஸ்ஸோஸ். அனத்தோலியாவில் (இன்றைய துருக்கி) பேசப்பட்ட லூவிய மொழியில் 'பர்னா' என்றால் வீடு. '-அஸ்ஸா' உடைமை காட்டும் ஒட்டு. அங்கே வெண்கலக் காலத்தில் பேரரசு நடத்திய ஹிட்டைட்களின் ஆவணங்களில் பர்னஸ்ஸா என்றே ஓர் ஊர் வருகிறது. இதை வைத்து, கிரேக்க மலையின் பெயரும் அந்த மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஒரு சாரார் சொல்கிறார்கள். இரண்டு கரைகளிலும் இன்னும் பழைய ஒரு மொழி இருந்தது, லூவியமும் கிரேக்கமும் அதனிடமிருந்து கடன் வாங்கின என்பது இன்னொரு சாரார் கருத்து. பானை ஓடும் கல்லறையும் பேசுவதில்லை என்பதால், நிலப்படத்தில் புள்ளிகள் பொருந்துவதை மட்டும் வைத்து மொழியைத் தீர்மானிக்கக் கூடாது என்பதே என் எண்ணம். ஒரே மொழி என்று முடிவுகட்டவும் அவசரப்பட வேண்டியதில்லை. பல மொழிகளின் படிவாகவும் அது இருக்கலாம்.

இந்தப் பெயர்கள் முதன்முதலில் எழுத்தில் எப்போது வருகின்றன?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல அனுமதியுங்கள். படிக்க முடியாத ஓர் எழுத்தைப் படிக்க வைத்ததே ஊர்ப்பெயர்கள்தான்.

1900இல் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் க்னோஸ்ஸோஸ் அரண்மனையில் களிமண் பலகைகளைக் கண்டெடுத்தார். அவற்றின் எழுத்துக்கு 'லீனியர் பி' என்று பெயரிட்டார். அரை நூற்றாண்டு வரை யாராலும் அதைப் படிக்க முடியவில்லை. அமெரிக்க அறிஞர் ஆலிஸ் கோபர், சில சொற்கள் ஒரே அடியோடும் மாறும் ஈறுகளோடும் வருவதைப் பொறுமையாகப் பட்டியலிட்டுக் காட்டினார். 1950இல் அவர் இறந்துவிட்டார். அந்த அடித்தளத்தின் மேல் நின்று மைக்கேல் வெண்ட்ரிஸ் என்ற இளம் கட்டடக் கலைஞர் ஓர் ஊகம் செய்தார்: கிரீட்டின் பலகைகளில் மட்டும் திரும்பத் திரும்ப வரும் அந்தச் சொற்கள் கிரீட்டின் ஊர்ப்பெயர்களாக இருந்தால் என்ன?

க்னோஸ்ஸோஸின் துறைமுகமான அம்னிசோஸ் பெயரை ஓரிடத்தில் பொருத்திப் பார்த்தார். 'அ-மி-நி-சோ'. அதிலிருந்து கிடைத்த ஒலிகளை அடுத்த சொல்லில் இட்டபோது 'கோ-நோ-சோ' வந்தது: க்னோஸ்ஸோஸ். பிறகு 'து-ரி-சோ', அதாவது திலிஸ்ஸோஸ். 'பா-இ-தோ', அதாவது ஃபைஸ்தோஸ். மூன்று நான்கு ஊர்களின் பெயர்கள் சாவியாக மாறி, பூட்டு திறந்தது. 1952இல், இது கிரேக்க மொழியின் மிகப் பழைய வடிவம் என்று வெண்ட்ரிஸ் அறிவித்தார். இலியட், ஒடிசி காவியங்களைப் பாடிய ஹோமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அந்த ஊர்களுக்கு அதே பெயர்கள்தாம். கிரேக்கம் அல்லாத மொழியை எழுதிய, இன்றும் முழுதாகப் படிக்கப்படாத 'லீனியர் ஏ' பலகைகளிலும் 'பா-இ-தோ' தென்படுகிறது. கிரேக்கர் வருமுன்பே ஃபைஸ்தோஸ் ஃபைஸ்தோஸாகத்தான் இருந்தது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டியதில்லை.

எகிப்திலும் ஒரு சாட்சி உண்டு. கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட மூன்றாம் அமென்ஹோதெப், லக்சருக்கு எதிர்க்கரையில் கட்டிய கோயிலின் ஒரு சிலைப் பீடத்தில் ஏஜியன் கடல்புறத்து ஊர்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. அம்னிசோஸ், ஃபைஸ்தோஸ், கிதோனியா, மிக்கேனாய், கிதேரா தீவு, க்னோஸ்ஸோஸ் ஆகியவற்றை அறிஞர்கள் அதில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கிரேக்கர் தங்கள் நகரங்களைப் பற்றி எழுதிய எந்த இலக்கியத்தைவிடவும் அந்த எகிப்தியக் கல் பழையது.

ட்ராய் நகரத்துக்கு ஏன் இரண்டு பெயர்கள்?

ஹோமர் அதை இலியோஸ் என்றும் துரோயே என்றும் சொல்கிறார். இலியோஸ் முன்காலத்தில் 'விலியோஸ்' என்று ஒலித்தது. கிரேக்கத்தின் பெரும்பாலான வட்டார வழக்குகள் 'வ' ஒலியைக் காலப்போக்கில் இழந்துவிட்டன. ஆனால் ஹோமரின் செய்யுள் அளவு பல இடங்களில் அந்த 'வ' இருந்தால்தான் சரியாக அமைகிறது. எழுத்தில் இல்லாத ஒலியை யாப்பு நினைவில் வைத்திருக்கிறது!

ஹிட்டைட் ஆவணங்களில் வடமேற்கு அனத்தோலியாவில் 'விலுசா' என்றொரு நாடு வருகிறது. கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அதன் அரசன் அலக்சாண்டு என்பவனோடு ஹிட்டைட் பேரரசன் செய்த உடன்படிக்கையும் கிடைத்திருக்கிறது. விலுசாவே விலியோஸ் என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் இன்று ஏற்கிறார்கள். இந்தத் தொலைந்த 'வ' ஒலியைக் கீழே இன்னொரு கேள்வியில் மறுபடியும் சந்திப்போம்.

ஏதென்ஸ் நகரத்துக்கு அத்தேனா தெய்வத்தின் பெயர் வந்ததா, தெய்வத்துக்கு நகரத்தின் பெயர் வந்ததா?

கடல் தெய்வம் போசைடன் உப்புநீர் ஊற்றையும் அத்தேனா ஒலிவ மரத்தையும் கொடுத்துப் போட்டியிட்டார்கள், அத்தேனா வென்று நகருக்குத் தன் பெயரைத் தந்தாள் என்பது கதை. மொழிச்சான்று மறுபக்கம் சாய்கிறது. '-ஏனே' என்ற ஈறு மிக்கேனே, பல்லேனே போன்ற இடப்பெயர்களுக்கு உரியது. க்னோஸ்ஸோஸ் பலகை ஒன்றில் 'அதானா போத்னியா' என்று ஒரு தெய்வம் காணிக்கை பெறுகிறது. அதை 'அத்தானா என்னும் இடத்தின் தலைவி' என்று படிப்பதே இயல்பு என்று பலர் கருதுகிறார்கள். ஊரின் அம்மன் ஊரின் பெயராலேயே அழைக்கப்பட்டாள் என்றால் தமிழ் வாசகருக்கு அதில் வியப்பு இருக்காது.

ஏதென்ஸ், தீப்ஸ் எல்லாம் ஏன் பன்மையில் இருக்கின்றன?

அத்தேனாய், தேபாய், மிக்கேனாய், டெல்ஃபோய், சிராகூசாய் எல்லாமே இலக்கணப்படி பன்மை. பல சிற்றூர்கள் கூடி ஒரு நகரமானதன் தடம் என்று விளக்குவார்கள். எல்லாவற்றுக்கும் அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒடிசியில் ஓரிடத்தில் ஏதென்ஸ் ஒருமையில் 'அத்தேனே' என்றே வருகிறது. ஆங்கிலம் வழியாக நாம் பெற்ற 'ஏதென்ஸ்' என்பதன் கடைசி 'ஸ்' அந்தப் பன்மையின் எச்சம்தான்.

கிரேக்கத்தில் தெளிவாகப் பொருள் தரும் பெயர்களே இல்லையா?

நிறைய இருக்கின்றன. தெர்மோபிலே என்றால் வெந்நீர் வாயில். வெந்நீர் ஊற்றுகள் இன்றும் அங்கே ஆவி பறக்க ஓடுகின்றன. பெலோபொனேசோஸ், பெலோப்ஸின் தீவு. கெர்சொனேசோஸ் என்பது 'நிலத்தீவு', அதாவது தீபகற்பம். மெகாலோபோலிஸ், பெருநகர். நெயாபோலிஸ், புதுநகர், இத்தாலியின் நேப்பிள்ஸ், பாலஸ்தீனத்தின் நாப்லுஸ் இரண்டும் அந்தச் சொல்லிலிருந்து வந்தவை. ஏதென்ஸின் கடற்படை கி.மு. 405இல் அழிந்த ஐகோஸ்பொதாமோய், ஆட்டாறுகள். நிலத்தின் வடிவத்தைப் பார்த்து வைத்தவையும் பல: இத்தாலியின் அங்கோனா முழங்கை, கருங்கடல் கரையின் திராப்சோன் (திரபெசூஸ்) மேசை.

செடிகொடிகளால் வந்த பெயர்கள் எனக்கு மிகவும் பிடித்தவை. சிசிலியின் செலினூஸ், ஆற்றங்கரையில் மண்டிய காட்டுச் செலரியால் பெயர் பெற்றது. சிகியோன் வெள்ளரியின் ஊர். மாரத்தோன், சோம்புச் செடியின் வயல். லீனியர் பி பலகைகளில் மசாலாப் பொருள்களின் கணக்கில் சோம்பு 'மா-ரா-து-வோ' என்று பதிவாகியிருக்கிறது. உலகமெங்கும் 42 கிலோமீட்டர் ஓடுபவர்கள் சோம்பின் பெயரைச் சுமந்துகொண்டுதான் ஓடுகிறார்கள்.

ஊர்க்காரர்கள் இந்தப் பொருளைக் காசிலும் பொறித்தார்கள். செலினூஸ் காசில் செலரி இலை. ரோட்ஸ் காசில் ரோஜா. ஃபொகையா காசில் கடல்நாய், கிரேக்கத்தில் அதன் பெயர் 'ஃபோகே'. சீதே காசில் மாதுளை. இவற்றை அப்படியே சொற்பிறப்புக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. சீதே போன்ற பெயர் வேறு மொழியிலிருந்து வந்திருக்கலாம். கிரேக்கரின் காதில் அது மாதுளையாக ஒலித்தது, அவ்வளவே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் காசைப் பார்த்தவுடன் ஊரைச் சொல்லிவிடலாம் என்பதுதான் அதன் பயன்.

புதிய ஊர்களுக்கு யார் பெயர் வைத்தார்கள்?

குடியேற்றத்தைத் தலைமை ஏற்று நடத்தும் 'ஒய்கிஸ்தேஸ்', அதாவது ஊரை நிறுவியவர். ஆம்ஃபிபோலிஸ் பெயர் பிறந்த கதை நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. வடக்கே ஸ்திரிமோன் ஆற்றங்கரையில் 'ஒன்பது வழிகள்' (என்னேயா ஹொதோய்) என்று ஓரிடம் இருந்தது. மரமும் பொன்சுரங்கமும் உள்ள வளமான பகுதி. ஏதென்ஸ் முதலில் அனுப்பிய குடியேறிகளைத் திரேசியர்கள் உள்நாட்டில் வைத்து அழித்தார்கள். கி.மு. 437இல் ஹக்னோன் என்பவர் அந்த இடத்தைப் பிடித்தார். ஆறு இரு பக்கமும் சுற்றி ஓடுவதால், ஆற்றிலிருந்து ஆறு வரை ஒரு நீண்ட மதில் எழுப்பி, 'ஆம்ஃபிபோலிஸ்' என்று பெயரிட்டார். 'ஆம்ஃபி' என்றால் சுற்றிலும், இரு புறமும்.

இதை நமக்குச் சொல்பவர் வரலாற்றாசிரியர் துசிடிடீஸ். அதே ஊரை கி.மு. 424இல் ஸ்பார்டாவிடமிருந்து காக்கத் தவறியதற்காக இருபது ஆண்டுகள் நாடுகடத்தப்பட்ட தளபதியும் அவரே. தன் வாழ்க்கையையே புரட்டிப் போட்ட ஊரின் பெயருக்கு அவர் எவ்வளவு அமைதியாகவும் துல்லியமாகவும் விளக்கம் எழுதியிருக்கிறார் என்று ஒவ்வொரு முறை படிக்கும்போதும் நான் நெகிழ்ந்துபோகிறேன்.

சிசிலியின் மெஸ்ஸீனா பற்றியும் அவரே சொல்கிறார். அதன் பழைய பெயர் சாங்க்லே. துறைமுகம் அரிவாள் போல வளைந்திருக்கும். தீவின் பூர்வகுடிகளான சிகெலர்களின் மொழியில் அரிவாளுக்குச் 'சாங்க்லோன்' என்று பெயர். பின்னர் தென் இத்தாலியின் ரேகியோன் நகரக் கொடுங்கோலன் அனக்சிலாஸ், தன் முன்னோரின் நாடான மெஸ்ஸேனியாவை நினைத்து அதை மெஸ்ஸேனே ஆக்கினான். சிகெல மொழியில் நமக்கு எஞ்சியிருப்பது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு சொல் ஊர்ப்பெயரால் பிழைத்தது.

கொரிந்தை நிறுவியவன் கொரிந்தோஸ் என்ற வீரன் என்கிறார்களே?

அது தலைகீழான வழி. ஊர்ப்பெயரிலிருந்து வீரனை உருவாக்கினார்கள். ஸ்பார்டா ஓர் இளவரசி, யூரோதாஸ் ஆற்றின் மகள். அவளை மணந்தவன் லாகெதைமோன். கொரிந்தோஸ் சியூஸின் மகன் என்று கொரிந்துக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்ததால், 'சியூஸின் கொரிந்தோஸ்' என்பது அரைத்த மாவையே அரைப்பதைக் குறிக்கும் பழமொழியானது. மிக்கேனாய்க்கு, பெர்சியூஸின் வாளுறை முனை விழுந்த இடம் என்றும், அவன் தாகத்தில் காளான் ஒன்றைப் பிடுங்கியபோது நீர் ஊறிய இடம் என்றும் இரு கதைகளைப் பழங்காலப் பயண நூலாசிரியர் பௌசானியாஸ் பதிவு செய்கிறார். கிரேக்கத்தில் இரண்டுக்கும் 'மிகேஸ்' என்றே சொல்.

ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்தால் எப்படிப் பிரித்தறிந்தார்கள்?

ஆற்றையோ மலையையோ சேர்த்துச் சொன்னார்கள்: மையாந்தர் ஆற்றங்கரை மக்னேசியா, சிபிலோஸ் மலையடி மக்னேசியா. ஆறாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டினோபிளில் வாழ்ந்த ஸ்தெஃபனோஸ் என்ற இலக்கண ஆசிரியர், ஊர்ப்பெயர்களையும் அந்தந்த ஊராரை எப்படி அழைப்பது என்பதையும் ஒரு பேரகராதியாகவே தொகுத்தார். இன்று பெரும்பாலும் அதன் சுருக்கமே எஞ்சியிருக்கிறது.

தீராத சிக்கல் பிலோஸ். ஹோமர் பாடிய நெஸ்தர் அரசனின் பிலோஸ் எது என்று பழங்காலத்திலேயே மூன்று ஊர்கள் உரிமை கொண்டாடின. 'பிலோசுக்கு முன்னே ஒரு பிலோஸ் உண்டு, இன்னும் ஒரு பிலோசும் உண்டு' என்று சொலவடையே பிறந்தது. 1939இல் மெஸ்ஸேனியாவின் எங்லியானோஸ் குன்றில் பிளேகன் தோண்டத் தொடங்கிய முதல் நாளே களிமண் பலகைகள் கிடைத்தன. பின்னர் எழுத்து படிக்கப்பட்டபோது அந்த அரண்மனை தன்னை 'பு-ரோ' என்று அழைத்துக்கொண்டது தெரிந்தது. பிலோஸ்தான்.

அலெக்சாண்டருக்குப் பிறகு என்ன மாறியது?

மன்னர்களின் பெயர்கள் ஊர்களில் ஏறின. அலெக்சாண்டரின் தந்தை ஃபிலிப் இதைத் தொடங்கிவைத்தார்: கி.மு. 356இல் கிரெனிதேஸ் (ஊற்றுகள்) என்ற ஊரை ஃபிலிப்போய் ஆக்கினார். மகன் எகிப்திலிருந்து சிந்து வரை அலெக்சாந்திரியாக்களை விதைத்தார். ஜீலம் ஆற்றங்கரையில் தன் குதிரையின் பெயரால் புகெஃபாலா என்றுகூட ஓர் ஊர். அலெக்சாண்டரின் தளபதியாக இருந்து மன்னரான செலூக்கஸ் தந்தை பெயரில் அந்தியோகியாக்களையும், தாய் பெயரில் லவோதிக்கேயாக்களையும், மனைவி பெயரில் அபமேயாக்களையும் நிறுவினார். தெசலோனிக்கே, மாசிடோனிய மன்னர் கசாந்தர் தன் மனைவியின் பெயரால் அமைத்த நகரம். அவள் அலெக்சாண்டரின் தந்தைக்கு வேறு மனைவியிடம் பிறந்த மகள்.

மன்னர் பெயர்களைவிட என்னை ஈர்ப்பவை வேறு. சிரியாவில் குடியேறிய மாசிடோனியப் படைவீரர்கள் பெரோயா, எதெஸ்ஸா, லாரிசா, பெல்லா என்று தங்கள் சொந்த ஊர்களின் பெயர்களையே வைத்தார்கள். அலெப்போவின் கிரேக்கப் பெயர் பெரோயாதான். திரும்பிப் போக முடியாதவர்களின் ஏக்கம் அதில் தெரிகிறது.

இஸ்தான்புல் கிரேக்கப் பெயரா?

பெரும்பாலோர் ஏற்கும் விளக்கப்படி, ஆம். பிசாந்தியோன் கி.பி. 330இல் கான்ஸ்டாண்டினோபிள் ஆனது. மக்கள் பேச்சில் அது வெறும் 'நகரம்'. 'இஸ் தின் பொலின்', நகரத்துக்கு, என்ற தொடர் இஸ்தான்புல் ஆனது. நிகேயா 'இஸ்நிக்' ஆனதும் இதே வழியில். நகரத்தின் பெயராக இஸ்தான்புல் மட்டுமே வழங்க வேண்டும் என்று துருக்கி 1930இல் உலகத்தைக் கேட்டுக்கொண்டது.

கிரேக்கர் நம் ஊர்ப்பெயர்களை எப்படி எழுதினார்கள்?

கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வணிகம் செய்த ஒரு கிரேக்கர் எழுதிய கடல்வழிக் குறிப்பும், இரண்டாம் நூற்றாண்டில் தாலமி எழுதிய நிலநூலும் தமிழகத்தின் ஊர்களைப் பட்டியலிடுகின்றன. முசிறி 'மூசிரிஸ்'. சேரர் தொண்டி 'திந்திஸ்'. குமரி 'கொமரி'. உறையூர் 'ஒர்தூரா'. காவிரிப்பூம்பட்டினம் 'கபேரிஸ்'. கரூர் 'கரூரா'. அரிக்கமேடு என்று கருதப்படும் 'பொதுகே'. பாண்டியனின் அரசிருக்கை என்ற குறிப்போடு 'மொதூரா'. வட இந்தியாவின் மதுராவையும் தாலமி மொதூரா என்றே எழுதுகிறார். குழப்பம் வராமல் அதற்குத் 'தேவர்களின்' என்று அடை சேர்க்கிறார். இலங்கைக்குக் கிரேக்கர் வழங்கிய தப்ரொபானே என்ற பெயர் தாமிரபரணி என்பதன் திரிபு.

இவை நூலில் மட்டும் இருந்த பெயர்கள் அல்ல. வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரஸ் தாள், இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த கடன் ஒப்பந்தம்; மூசிரிஸ் பயணம் அதில் குறிப்பிடப்படுகிறது. சரக்கு ஏற்றிவந்த கப்பலின் பெயர் ஹெர்மபொல்லோன்.

கிரேக்க ஊர்ப்பெயர்கள் தமிழிலிருந்து போனவை என்கிறார்கள். உண்மையா?

தமிழ் மேல் எனக்கிருக்கும் பற்றோடுதான் சொல்கிறேன்: சான்று இல்லை. ஒலி ஒத்திருப்பது மட்டும் உறவாகாது. இதற்குக் கொற்கையே நல்ல எடுத்துக்காட்டு. கிரேக்கர் கொற்கையைக் 'கொல்கோய்' என்று எழுதினார்கள். எழுத்துக்கு எழுத்து அதே சொல்தான் கருங்கடலின் கிழக்குக் கரையில், இன்றைய ஜார்ஜியாவில் வாழ்ந்த கொல்கிஸ் நாட்டு மக்களுக்கும் பெயர். இரண்டுக்கும் தொடர்பு இல்லை. தெரியாத பெயர் காதில் விழும்போது தெரிந்த பெயரின் சாயலில் எழுதிவிடுவது மனித இயல்பு.

உறவைக் காட்ட வேண்டுமானால் மிகப் பழைய வடிவம், ஒழுங்கான ஒலிமாற்றம், பெயர் பயணித்த வழி மூன்றும் வேண்டும். இஞ்சிக்கு அது இருக்கிறது: 'இஞ்சி வேர்' பாலியின் 'சிங்கிவேர' வழியாகக் கிரேக்கத்தின் 'சிங்கிபெரிஸ்' வரை போனதை அடி அடியாகக் காட்ட முடியும். ஏதென்ஸுக்கோ கொரிந்துக்கோ அப்படி ஒரு வழி இல்லை.

இன்றைய கிரீஸில் இருப்பவை எல்லாம் தொடர்ந்து வழங்கி வந்த பெயர்களா?

சில அப்படித்தான், பல மீட்கப்பட்டவை. கிரீஸ் விடுதலை பெற்ற பின் 1834இல் மன்னர் ஒத்தோ ஸ்பார்டாவைப் புதிதாக நிறுவினார். சிதூனி லாமியா ஆயிற்று, சலோனா அம்ஃபிஸ்ஸா, வோஸ்தித்சா ஐகியோ, நவரீனோ பிலோஸ். ஆனால் நெஸ்தரின் அரண்மனை அந்த நவரீனோவில் இல்லை. பல கிலோமீட்டர் வடக்கே இருக்கிறது. 1909இல் இடப்பெயர்களை ஆராய ஒரு குழு அமைந்தது. நாட்டுப்புறவியல் அறிஞர் நிகொலாவோஸ் பொலிதிஸ் அதற்குத் தலைமை தாங்கினார். அதன் பிறகு ஸ்லாவிய, துருக்கிய, அல்பேனியப் பெயர்கள் ஆயிரக்கணக்கில் மாறின.

பழம்பெயரை மீட்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனாலும் மாற்றப்பட்ட ஒவ்வொரு பெயரும் அங்கே பல தலைமுறை வாழ்ந்தவர்களின் சொல். மாசிடோனியாவில் 'வோதேனா' என்ற பெயர் அருவிகள் நிறைந்த ஓர் ஊரைத் தண்ணீரால் குறித்த ஸ்லாவியச் சொல். இன்று அது எதெஸ்ஸா. இரண்டு பெயர்களையும் ஒரே பலகையில் எழுதிவைத்தால் யாருக்கும் குறைவு வந்துவிடாது என்பது என் கருத்து.

ரஷ்யப் பேரரசி கேத்தரின் காலத்தில் நடந்ததும் இதைப் போன்றதே. கருங்கடல் கரையில் கட்டிய துறைமுகத்துக்கு 1795இல், ஒதெஸ்ஸோஸ் என்ற கிரேக்கக் குடியேற்றத்தை நினைத்து ஒடெஸா என்று பெயரிட்டார்கள். உண்மையான ஒதெஸ்ஸோஸ் பல்கேரியாவின் வார்னா.

தமிழில் இந்தப் பெயர்களை எப்படி எழுதுவது?

நமக்கு இரண்டு மரபுகள் உள்ளன. ஆங்கிலம் வழி வந்த ஏதென்ஸ், தீப்ஸ் ஒன்று. தமிழ் விவிலியம் தந்த அத்தேனே, கொரிந்து, எபேசு, பெர்கமு, தெசலோனிக்கே மற்றொன்று. இரண்டாவது மரபு கிரேக்க ஒலிக்கு நெருக்கமானது, தமிழ் நாவுக்கும் இதமானது. வாசகர் தடுமாறாத இடங்களில் அதையே நான் விரும்புகிறேன். ஏதென்ஸ் மட்டும் இனி மாறாது, அதை விட்டுவிடலாம்.

'கிரேக்கம்', 'யவனர்' என்ற சொற்கள் எங்கிருந்து வந்தன?

கிரேக்கர் தங்களை ஹெல்லேனெஸ் என்றும் நாட்டை ஹெல்லாஸ் என்றும் அழைத்தார்கள். 'கிராய்கோய்' என்பது அவர்களில் ஒரு சிறு பிரிவின் பெயர்; உரோமர் அதை எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள், உலகம் உரோமரைப் பின்பற்றியது.

யவனர் என்ற சொல்லின் வழி வேறு. ஆசியா மைனரின் மேற்குக் கரையில் வாழ்ந்த அயோனியர் தங்களைப் பழங்காலத்தில் 'இயாவொனெஸ்' என்று சொன்னார்கள். பாரசீகர் அவர்களை 'யவுனா' என்றார்கள். இந்திய மொழிகளில் 'யோன', 'யவன' ஆயிற்று. சங்கப் புலவர்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கப்பல்காரர்களை யவனர் என்று பாடினார்கள். அயோனியரின் சொந்த வாயில் அந்த 'வ' நிற்கவில்லை. விலியோஸ் இலியோஸ் ஆனது போல, இயாவொனெஸ் 'இயோனெஸ்' ஆகிவிட்டது. க்னோஸ்ஸோஸ் பலகையில் 'இ-ஜா-வோ-நே' என்று பதிவான அந்த ஒலி, கிரேக்கர் அதை மறந்து நூற்றாண்டுகள் கழிந்த பிறகும் முசிறித் துறையில் ஒலித்துக்கொண்டிருந்தது. தமிழில் இன்றும் அதை 'வ' போட்டுத்தான் எழுதுகிறோம்.